வலி வருமுன் வாயைக் காட்டுங்கள்: தோட்டப்புறக் குடும்பங்களுக்கு ஒரு பல் பராமரிப்பு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த என் வயதினருக்குப் பல் மருத்துவர் என்றால் பல் பிடுங்குகிறவர் என்பதே பொருளாக இருந்தது. வலி தாங்காமல் இரண்டு இரவு தூங்காமல் கிடந்துவிட்டு, மூன்றாம் நாள் வேலையை விட்டுப் பட்டணத்துக்குப் பஸ் ஏறி, பல்லை எடுத்துக்கொண்டு வாயில் பஞ்சோடு திரும்புவதுதான் வழக்கம். பால்மரம் வெட்டப் போன என் அம்மா அப்படித்தான் ஒவ்வொரு பல்லாக இழந்தார். விடியற்காலையில் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, கிளம்புமுன் சீனி தூக்கலாகப் போட்ட கோப்பி, பத்து மணிக்கு மர நிரையிலேயே நின்றபடி இனிப்புத் தேநீரும் பிஸ்கட்டும், மாலையில் லயத்து வீட்டு வாசலில் வெற்றிலை பாக்கு என்று போன வாழ்க்கையில், ஐம்பத்தைந்து வயதுக்குள் அவருடைய கீழ்த்தாடையில் நான்கே பற்கள் எஞ்சியிருந்தன. "வயசாச்சு, பல்லு போவுது" என்று அவர் சொன்னதை நாங்களும் நம்பினோம். அது சரியன்று. வயது ஆவதனால் மட்டும் பற்கள் விழுவதில்லை. சொத்தையும் ஈறு நோயுமே பெரும்பாலும் அவற்றை விழச் செய்கின்றன. இரண்டையும் பெருமளவு தடுக்க முடியும்.

வலிக்காகத் தவிர வேறெதற்கும் பல் கிளினிக்கின் படியேறாதவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். வீட்டில் எதிலிருந்து தொடங்குவது, கிளினிக்கில் என்ன நடக்கும், எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் கண்ணாடி முன் ஐந்து நிமிடம்

ஒரு கண்ணாடியும் கைப்பேசியின் விளக்கும் போதும். கீழ்த்தாடை முன்பற்களின் உட்புறத்தை, அதாவது நாக்கு படும் பக்கத்தை, முதலில் பாருங்கள். உமிழ்நீர் சுரந்து வரும் துளை அந்த இடத்துக்கு அருகில் இருப்பதால், உமிழ்நீரிலுள்ள கால்சியம் பல்லில் படிந்த அழுக்கோடு சேர்ந்து இறுகி, இரண்டு பற்களுக்கும் நடுவே சிமெண்டு பூசினாற்போல மஞ்சளாகவோ பழுப்பாகவோ நிற்கும். நாக்கு நுனியால் தடவினால் சொரசொரப்பு தெரியும். இதுதான் பற்காரை. இது பிரஷ்ஷுக்கு அசையாது. நகத்தாலும் ஊசியாலும் சுரண்டினால் ஈறுதான் புண்ணாகும். இதை நீக்குவது மருத்துவரின் வேலை.

அடுத்து ஈறு. நலமான ஈறு பல்லைச் சுற்றி இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கும். நம்மில் பலருக்கு ஈறில் கருமையான திட்டுகள் இயல்பாகவே இருக்கும். அது தோலின் நிறத்தைப் போன்ற நிறமியே தவிர நோயன்று. கவனிக்க வேண்டியவை வீக்கம், பளபளப்பான சிவப்பு, துலக்கும்போது எச்சிலோடு வரும் இரத்தம் ஆகியவை. இரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தைத் துலக்காமல் விடுவது நம்மிடையே பரவலாக உள்ள தவறு. அழுக்கு தங்கியதால்தான் இரத்தம் வருகிறது. துலக்காமல் விட்டால் அழுக்கு இன்னும் சேரும். இந்தத் தொடக்க நிலையிலேயே சுத்தம் செய்தால் ஈறு முழுமையாகத் தேறிவிடும். நோய் உள்ளே இறங்கிப் பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைத்துவிட்டாலோ, அந்த எலும்பு தானாக மீண்டும் வளராது. எஞ்சியதைக் காப்பாற்றுவது மட்டுமே கைகூடும்.

பற்களில் கருங்குழியைத் தேடுவதற்கு முன்பே, ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தொட்டாற்போல வெளுத்த, பளபளப்பற்ற இடங்கள் உள்ளனவா என்று பாருங்கள். அதுவே சொத்தையின் முதல் அடையாளம். குழி விழாத அந்த நிலையில், பற்பசையில் சேர்க்கப்படும் புளோரைடு என்ற பொருளும் நல்ல பழக்கமும் இருந்தால் பல்லின் மேற்பூச்சு மீண்டும் உறுதிப்படும்.

சொத்தை எங்கே தொடங்குகிறது

பல்லுக்குள் பூச்சி இருப்பதாகவும், அது குடைந்து தின்பதாகவும் நம் பாட்டிமார் சொன்னார்கள். பூச்சி எதுவும் இல்லை. வாயில் வாழும் நுண்ணுயிர்கள் நாம் உண்ணும் சீனியையும் மாவுப் பொருளையும் உண்டு அமிலத்தை வெளியிடுகின்றன. அமிலத்தை அளக்கும் பி.எச். எண் குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள்; வாயில் அந்த எண் 5.5 என்ற எல்லைக்குக் கீழே இறங்கும்போது, உடலிலேயே மிகக் கடினமான பொருளான பல்லின் மேற்பூச்சு கரையத் தொடங்குகிறது. உமிழ்நீர் அந்த அமிலத்தை மெல்ல மெல்லத் தணித்து, கரைந்ததை ஓரளவு திருப்பிச் சேர்க்கிறது. இதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும்.

ஆகவே எவ்வளவு சீனி சாப்பிட்டோம் என்பதைப் போலவே எத்தனை முறை சாப்பிட்டோம் என்பதும் முக்கியம். ஒரு குவளை தே தாரிக்கைச் சாப்பாட்டோடு சேர்த்து ஒரே மூச்சில் குடித்து முடித்தவருடைய பற்கள் அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் மீண்டுவிடும். அதே தேநீரைப் பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு போய், காலை ஏழிலிருந்து பதினொன்று வரை அரை மணிக்கொரு வாய் குடிப்பவருடைய பற்கள் அந்தக் காலை முழுவதும் அமிலத்திலேயே ஊறிக்கொண்டிருக்கும். செம்பனைக் காட்டில் குலை வெட்டுபவர்களும் லாரி ஓட்டுபவர்களும் பெரும்பாலும் இப்படித்தான் குடிக்கிறார்கள். உழைப்புக்குத் தெம்பு வேண்டும் என்று அவர்கள் சொல்வது நியாயமே. அதற்காகத் தேநீரை விடச் சொல்லவில்லை. நேரம் குறித்துக் குடியுங்கள். குடித்து முடித்ததும் ஒரு வாய்ப் பச்சைத் தண்ணீர் கொப்பளித்து விழுங்குங்கள். இடைப்பட்ட தாகத்துக்குத் தண்ணீரையே குடியுங்கள்.

கடையில் கேட்கும் விதத்தையும் மாற்றலாம். டின்னில் வரும் இனிப்புப் பாலில் ஏறத்தாழப் பாதி சீனியாகவே இருக்கும். 'தே ஓ கொசோங்' என்று கேட்டால் சீனியும் பாலும் இல்லாத தேநீர் கிடைக்கும். 'தே சி கொசோங்' என்றால் இனிப்பில்லாத பால் ஊற்றித் தருவார்கள். உடனடியாக அந்த அளவுக்கு மாற முடியாதவர்கள் 'கூராங் மானிஸ்' (இனிப்பு குறைவாக) என்று சொல்லத் தொடங்கினாலே போதும், இரண்டு மூன்று வாரத்தில் நாக்கு பழகிவிடும். புட்டிப் பானங்களைப் பொறுத்தவரை, 100 மில்லி லிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சீனி உள்ளவற்றுக்கு 2019 ஜூலை முதல் நம் அரசு தனி வரி விதித்து வருகிறது. புட்டியின் முதுகில் அந்த அளவு அச்சிடப்பட்டிருக்கும். வாங்குமுன் படித்துப் பாருங்கள்.

துலக்கும் முறை

'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' என்று சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். குச்சியை மென்று நாராக்கிப் பொறுமையாகப் பல்லைத் தேய்த்த அந்த ஒழுங்கின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் பற்பசையில் உள்ள அளவு புளோரைடு குச்சியில் இல்லை. நாம் இன்று உண்ணும் சீனியை அந்தக் காலத்தவர் உண்ணவும் இல்லை. அடுப்புக்கரி, செங்கல் பொடி, கல்லுப்பு ஆகியவற்றை அறவே விட்டுவிடுங்கள். அவை முதல் நாள் பல்லை வெளுப்பாகக் காட்டினாலும், நாளடைவில் மேற்பூச்சை அறுத்து, ஈறை ஒட்டிய இடத்தில் பள்ளம் விழச் செய்து, குளிர்ந்த தண்ணீர் பட்டாலே கூசும் நிலைக்குக் கொண்டு வந்துவிடும்.

மென்மையான நார்களும் சிறிய தலையும் உள்ள பிரஷ் ஒன்றை வாங்குங்கள். பற்பசைப் பெட்டியில் புளோரைடு 1000 முதல் 1500 பி.பி.எம். வரை என்று இருக்க வேண்டும். விலை உயர்ந்தது என்பதால் மட்டும் ஒரு பற்பசை சிறந்ததாகிவிடாது. பிரஷ்ஷின் நார்களைப் பல்லும் ஈறும் சேரும் கோட்டில் சாய்வாக வைத்து, பேனா பிடிப்பது போல இலேசாகப் பிடித்து, ஓரிடத்தில் பத்துப் பதினைந்து முறை சிறு சிறு அசைவாக அசைத்துவிட்டுப் பல்லின் நுனியை நோக்கி வழித்துவிடுங்கள். பிறகு அடுத்த இரண்டு பற்களுக்கு நகருங்கள். வெளிப்புறம் முழுவதும், பின்னர் உட்புறம் முழுவதும், கடைசியில் மெல்லும் பரப்பு என்று ஒரே வரிசையில் போனால் எந்தப் பல்லும் விடுபடாது. வலக்கைக்காரர்கள் பெரும்பாலும் வலப்பக்கக் கடைவாயின் உட்புறத்தைத் தவறவிடுவதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன். முழுவதற்கும் இரண்டு நிமிடம் ஆகும்; வானொலியில் ஒரு பாட்டில் பாதி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளில் இரண்டு முறை துலக்க வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இரவு துலக்குவதையே தேர்ந்தெடுங்கள் என்பேன். உறக்கத்தில் உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடுவதால், வாயில் விட்டுவைத்த அழுக்கு தடையின்றி வேலை செய்யும் நேரம் அதுதான். துலக்கி முடித்ததும் நுரையைத் துப்புங்கள். தண்ணீர் ஊற்றிப் பலமுறை கொப்பளிக்க வேண்டாம். மெல்லிய படலமாகப் பல்லில் தங்கும் புளோரைடே இரவெல்லாம் காவல் இருக்கிறது. புளிப்பான பழமோ எலுமிச்சைச் சாறோ சாப்பிட்டிருந்தால் அரை மணி கழித்துத் துலக்குங்கள். மூன்று மாதத்தில், அல்லது நார்கள் விரிந்துவிட்டால் அதற்கு முன்பே, பிரஷ்ஷை மாற்றுங்கள்.

இரண்டு பற்களுக்கு இடையே பிரஷ் நுழையாது. அதற்கென்று உள்ள பல்லிடை நூலை ஒரு முழ நீளம் எடுத்து, இரு நடுவிரல்களிலும் சுற்றி, பல்லை அணைத்தவாறு ஈறு வரை இறக்கி மேலே வழிக்க வேண்டும். இடைவெளி அகன்றவர்களுக்குச் சிறு தூரிகை போன்ற பல்லிடை பிரஷ் இன்னும் எளிது. ஒரு வாரம் தொடர்ந்து செய்தால் முதல் நாள் வந்த இரத்தம் குறைவதை நீங்களே காண்பீர்கள்.

நம் நாட்டில் குடிநீரில் புளோரைடு சேர்க்கும் கொள்கை 1972 இல் ஏற்கப்பட்டது. 2005 முதல் அந்த அளவு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம். ஆனால் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரிலும் ஆற்றிலிருந்து நேரே இழுத்த தண்ணீரிலும் அப்படிச் சேர்ப்பவர் யாரும் இல்லை. வீட்டில் பொருத்தும் ஆர்.ஓ. வகை வடிகட்டியும் அதை நீக்கிவிடும். அத்தகைய வீடுகளில் பற்பசை மட்டுமே பாதுகாப்பு என்பதால், இரவுத் துலக்கலைத் தவறவிடக் கூடாது.

முதல் முறை கிளினிக்குக்குப் போகும்போது

அரசாங்கப் பல் கிளினிக்கை 'கிளினிக் பெர்கிகியான்' என்ற பெயர்ப்பலகையைக் கொண்டு அடையாளம் காணலாம். மலேசியக் குடிமக்களுக்கு அங்கே கட்டணம் சில ரிங்கிட்டுகளே. ஐ.சி.யை, அதாவது அடையாள அட்டையை, மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். இரத்த அழுத்தம், இனிப்பு நீர் (நீரிழிவு), இருதயம் ஆகியவற்றுக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் அந்த மாத்திரைப் பையையே கையோடு கொண்டு போங்கள். இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகளைப் பற்றி மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீங்களாகவே அதை நிறுத்திவிட்டுப் போகவும் கூடாது. காலையில் சாப்பிட்டுவிட்டு, பல் துலக்கிவிட்டு, கதவு திறக்கும் நேரத்துக்குச் சற்று முன்பே போய் எண் வாங்கினால் காத்திருப்பு குறையும். வலியில்லாதவர்களுக்குப் பெரும்பாலும் வேறொரு நாள் குறித்துத் தருவார்கள். அதைக் கேட்டு மனம் சலித்துத் திரும்பியவர்கள் என் உறவிலேயே பலர். அந்தத் தேதியை வாங்கிக்கொண்டு வருவதுதான் அன்றைய வேலை என்று நினைத்துப் போங்கள்.

உள்ளே போனதும் "எந்தப் பல் வலிக்கிறது?" என்று கேட்டால், "வலி இல்லை, முழு வாயையும் பார்த்துச் சொல்லுங்கள்" என்று தயங்காமல் சொல்லுங்கள். மலாய் தடுமாறும் பெரியவர்களோடு பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ உடன் செல்வது நல்லது. முழுமையான பரிசோதனையில் மருத்துவர் ஒவ்வொரு பல்லையும் பார்த்துக் குறித்துக்கொள்வதோடு, அளவுக் கோடுகள் உள்ள மெல்லிய கருவியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெதுவாக இறக்கி ஆழம் அளப்பார். 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருந்தால் நலம். 4 அல்லது அதற்கு மேல் என்றால் அங்கே நோய் தங்குவதற்குப் பை உண்டாகியிருக்கிறது என்று பொருள். உங்கள் எண்கள் என்ன என்று கேளுங்கள். பற்களுக்கு நடுவே மறைந்துள்ள சொத்தையையும் எலும்பின் அளவையும் காண எக்ஸ்ரே தேவைப்படலாம். நாக்கு, கன்னத்தின் உட்புறம், நாக்கின் அடிப்பகுதி ஆகியவற்றையும் பார்ப்பார்.

பற்காரையை நீக்கும் ஸ்கேலிங் சிகிச்சையைப் பற்றி ஒரு பயம் தோட்டங்களில் இன்றும் உலவுகிறது: அதைச் செய்தால் பல் ஆடிவிடும் என்பது. என் மாமா ஒருவர் இதே பயத்தில் பதினைந்து ஆண்டு போகாமலிருந்தார். அவருடைய கீழ்ப் பற்களைக் காரைதான் ஒன்றோடொன்று பிடித்து நிறுத்தியிருந்தது. அதன் அடியில் ஈறு சீழ்பிடித்து எலும்பு பாதிக்கு மேல் கரைந்திருந்தது. காரையை எடுத்ததும் பற்கள் ஆடின, இடைவெளி தெரிந்தது, அவர் சிகிச்சையைக் குறை சொன்னார். பல்லை ஆடச் செய்தது காரைக்கு அடியில் இருந்த நோய். சிகிச்சை அதை வெளியே காட்டியது, அவ்வளவுதான். ஸ்கேலிங் முடிந்த பின் சில நாள் கூச்சம் இருப்பது இயல்பு, தானாகத் தணிந்துவிடும்.

சொத்தை சிறிதாக இருக்கும்போது அடைத்துக்கொண்டால் ஒரே வருகையில் முடியும். அது பல்லின் நரம்பை எட்டிவிட்டால் வேர் சிகிச்சை வேண்டும். அதற்குப் பல வருகைகள் தேவைப்படும், தனியார் கிளினிக்கில் செலவும் பல மடங்கு கூடும். அதையும் தாண்டிவிட்டால் பிடுங்குவதே வழி. பிடுங்கியபின் எதிர்ப்பல் கீழிறங்கும், பக்கத்துப் பல் சாயும், மெல்லுவது ஒரு பக்கமாகிவிடும். "எடுத்தே விடுங்கள்" என்று நீங்களே முந்திக்கொண்டு கேட்காமல், காப்பாற்ற வழி உண்டா என்று முதலில் கேளுங்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால், பஞ்சை அரை மணி அழுத்திக் கடித்திருங்கள். அன்று முழுவதும் கொப்பளிக்கவோ புகைக்கவோ கூடாது.

தனியார் கிளினிக்குக்குப் போனால் மருத்துவர் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். அழகு நிலையங்களிலும் வீடுகளிலும் மலிவாகப் பல்லுக்குக் கம்பி கட்டுகிறவர்களிடம் இளையவர்கள் ஏமாறுகிறார்கள். அப்படிக் கட்டிக்கொண்ட பல்லும் ஈறும் கெட்டபின் சரிசெய்வது கடினம்.

வெற்றிலை போடும் பெரியவர்களுக்கு

இதைச் சொல்வது எளிதன்று. வெற்றிலைத் தட்டில்லாமல் நம் வீடுகளில் ஒரு நல்ல காரியம் நடப்பதில்லை. சடங்கில் வைப்பதைப் பற்றி நான் பேசவில்லை, நாள் முழுவதும் கன்னத்தில் அடக்கி வைத்திருப்பதைப் பற்றிப் பேசுகிறேன். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004 இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்தியது. குற்றவாளி பாக்கு, புகையிலை சேர்ந்தால் ஆபத்து மேலும் கூடும். மலேசியாவில் வாய்ப்புற்று இந்திய சமூகத்தினரிடம் கூடுதலாகக் காணப்படுவதற்கு இப்பழக்கம் ஒரு முக்கியக் காரணம்.

மாதம் ஒரு முறை அவர்களை வெளிச்சத்தில் உட்கார வைத்து வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். வழித்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, இரண்டு வாரம் ஆகியும் ஆறாத புண், கன்னத்தில் கட்டி, காரம் பட்டால் எரிச்சல், வாயை முன்போல அகலத் திறக்க முடியாமை ஆகிய ஏதேனும் ஒன்று இருந்தாலும் அந்த வாரமே கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். இப்புண்கள் தொடக்கத்தில் வலிப்பதில்லை, அதனால்தான் தாமதமாகிறது.

இனிப்பு நீர், கர்ப்பம்

2019 ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது ஈறு நோய் வேகமாக முற்றுகிறது; ஈறில் உள்ள அழற்சி சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்குகிறது. ஈறுக்குச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குச் சர்க்கரை அளவு ஓரளவு குறைவதும் ஆய்வுகளில் தெரிந்துள்ளது. ஆகவே இரத்தப் பரிசோதனைக்குப் போகும் நாளைப் போலப் பல் கிளினிக் நாளையும் அவர்கள் குறித்துவைக்க வேண்டும்.

கருவுற்ற பெண்களுக்கு உடல் மாற்றங்களால் ஈறு வீங்கி இரத்தம் வரலாம். 'பிள்ளைக்கு ஒரு பல் போகும்' என்று சொல்லி அதை ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை. தாயின் பல்லிலிருந்து குழந்தை கால்சியத்தை எடுப்பதில்லை. பரிசோதனையும் சுத்தம் செய்தலும் கர்ப்ப காலத்தில் பாதுகாப்பானவை. நடுவிலுள்ள மூன்று மாதங்கள் சிகிச்சைக்கு மிகவும் வசதியானவை.

ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப்பல்

என் மகனுக்கு ஆறு வயதானபோது, பால்பற்களுக்குப் பின்னால் ஒரு பெரிய பல் முளைத்தது. எந்தப் பல்லும் விழாமலே முளைத்ததால் அதுவும் பால்பல்லே என்று நினைத்து, கறுத்தபோது "விழுந்து முளைத்துக்கொள்ளும்" என்று இருந்துவிட்டோம். அது வாழ்நாள் முழுவதற்குமான முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல். பத்து வயதுக்குள் அதை எடுக்க நேர்ந்தது. இன்றும் அவன் வலப்பக்கமாகவே மெல்லுகிறான். ஐந்தரை வயதிலிருந்தே பிள்ளையின் கடைவாயைப் பார்த்து வாருங்கள். அப்பல்லின் ஆழமான பள்ளங்களை மூடிப் பூசும் சிகிச்சை உண்டு, கேட்டுப் பெறுங்கள்.

முதல் பல் தெரிந்ததிலிருந்தே துலக்கத் தொடங்க வேண்டும். மூன்று வயது வரை ஓர் அரிசி அளவும், மூன்றிலிருந்து ஆறு வரை ஒரு பட்டாணி அளவும் பற்பசை போதும். ஏழெட்டு வயது வரை பெரியவர் ஒருவர் துலக்கிவிட வேண்டும். பால் புட்டியை வாயில் வைத்தபடி தூங்கவிடுவது மேல் முன்பற்களைச் சொத்தையாக்கிக் கறுக்கச் செய்யும். தமிழ்ப்பள்ளிகளுக்கு அரசாங்கப் பல் குழுவினர் வருவார்கள். பள்ளிப் பிள்ளைகளைக் கவனிக்கும் பல் தாதியருக்குப் பினாங்கில் 1949 முதல் பயிற்சி தரப்பட்டு வந்திருக்கிறது. சம்மதப் படிவம் வீட்டுக்கு வந்தால் உடனே கையெழுத்திட்டு அனுப்புங்கள்.

திடலில் விளையாடும்போது நிரந்தரப் பல் முழுதாகக் கழன்று விழுந்தால், வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்து எடுத்து, மண்ணிருந்தால் பாலில் அலசி, இயன்றால் அந்தக் குழியிலேயே பொருத்திக் கடித்திருக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் இனிப்புச் சேர்க்காத பசும்பாலில் போட்டு, அரை மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் சேருங்கள். பல் வலியோடு காய்ச்சலும், தாடைக்கு அடியிலோ கண் வரையிலோ வீக்கமும், விழுங்க முடியாமையும் இருந்தால் பல் கிளினிக் திறக்கும் வரை காத்திராமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

கட்டுப்பல் வைத்திருப்பவர்கள் இரவில் அதைக் கழற்றிப் பிரஷ்ஷால் கழுவித் தண்ணீரில் போட்டுவைத்து, ஈறையும் நாக்கையும் துடைத்துவிட்டுப் படுக்க வேண்டும்.

பெரும்பாலோருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்பது நல்ல கணக்கு. ஈறு நோய் உள்ளவர்களுக்கு மருத்துவர் மூன்று அல்லது நான்கு மாதம் என்று குறைப்பார். கிளினிக்கிலிருந்து வெளியே வருமுன் அடுத்த தேதியைக் கேட்டு வாங்கி, அட்டையை ஐ.சி.யோடு வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் சுவரில் மாட்டியிருக்கும் நாட்காட்டியில் அந்தத் தேதியை வட்டமிட்டு, போகவேண்டியவரின் பெயரையும் பக்கத்தில் எழுதிவையுங்கள்.